கால் பட்டவர் சொல்லவேண்டும்

ஜனவரி 12

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அவருடைய இடுப்புப் பிடிப்பு விட்டதா? போனில் பேசினால் நமக்குள் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, கடிதமென்றால் மூன்றாவது பக்கம்வரை தாங்கும் என்றாய். பார்ப்போம்.

மாற்றலாகி வந்து ஆறு வாரம் ஆகிறது. தையல் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், பகல் முழுக்கக் கீழேயிருந்து தையல் மெஷின் சத்தம். பணிமனையில் வழக்கம்போல நேர அட்டவணை போடும் வேலை. இந்த ஊரின் எண்பத்துநாலு பஸ்ஸும் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று எனக்கு அத்துப்படி. நான் எங்கே போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. உன் அண்ணியும் பிள்ளையும் பள்ளிக்கூட வருஷம் முடிந்துதான் வருவார்கள். அதுவரை பேச்சுத் துணைக்கு நாற்காலிதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை பணிமனைக்குப் பின்னால் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஹாக்கி! எல்லாம் நாற்பது தாண்டிய தொந்திகள். மட்டையைப் பிடித்து முப்பது வருஷம் ஆன உன் அண்ணன் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து ஒருவர் உள்ளே கூப்பிட்டார். அவர் பல் டாக்டர். அன்றிலிருந்து நானும் போகிறேன். 'டைம்டேபிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மைதானம் என்றால் பெரிதாக நினைக்காதே. புல் பேருக்குக்கூடக் கிடையாது. கட்டாந்தரை, ஓடினால் புழுதி. ஆனால் இவர்களிடம் ஒரு வேடிக்கை இருக்கிறது. விதிகளை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், முட்டி மோதித்தான் கண்டுபிடிக்கவேண்டும். முதல் நாள் நான் கொஞ்சம் வேகமாக மட்டையைச் சுழற்றினேன். நாலு பேர் ஒரே குரலில் "திங்கக்கிழமை!" என்று கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் திங்கள் என்கிறார்கள் என்று முழித்தேன். பிறகுதான் தெரிந்தது, நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போகவேண்டும், எலும்பை உடைக்காதே என்று அர்த்தமாம்.

ரொட்டிக் கடைக்காரருக்கு முழங்கால் சரியில்லை. அவரிடம் பந்து வந்தால் இரண்டு தடவை தொடும்வரை யாரும் பக்கத்தில் போகமாட்டார்கள். இதையும் யாரும் சொல்லவில்லை. நான் பறித்துக்கொண்டு ஓடினேன், ஒரு ஆள்கூடப் பின்னால் வரவில்லை. தனியாக ஓடி, தனியாகத் திரும்பி வந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை இது. அம்பயர் கிடையாது. பந்து காலில் படுவது தப்பாட்டமில்லையா, யார் காலில் பட்டதோ அவரே "கால்!" என்று சொல்லி, இரண்டடி தள்ளி நின்றுவிடுகிறார். பட்டதா இல்லையா என்று வாக்குவாதமே இல்லை. லேசாக உரசினால்கூடச் சொல்கிறார்கள். "காலா, அரைக்காலா?" என்று பல் டாக்டர் கேலி பண்ணுவார், அவ்வளவுதான். உனக்கு இதெல்லாம் பிடிக்குமே என்று எழுதினேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அண்ணன்


ஜனவரி 22

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். உன் மாப்பிள்ளையின் இடுப்பு நேராகிவிட்டது, பேச்சுதான் இன்னும் கோணல். நீ சுகமா? ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிடுகிறாயா, நின்றுகொண்டு சாப்பிடுகிறாயா? பொய் சொல்லாதே, நின்றுகொண்டுதான்.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்து இரண்டு தடவை படித்தேன். பக்கத்து மேஜைக்காரி, "என்ன, நில அளவை மனுவா இவ்வளவு கவனமா படிக்கிறீங்க?" என்றாள். காலேஜில் நாலு வருஷம் பின்வரிசையில் நின்று ஆடியவள் நான். எங்களுக்கு இரண்டு அம்பயர். அப்படியும் கால் பட்டால் ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள். பந்து காலில் பட்ட மறு நொடி முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொள்ள எனக்கே பயிற்சி உண்டு. உன் ஆட்கள் எந்த உலகத்தில் இருக்கிறார்கள்?

எனக்குச் சில சந்தேகம். காலில் பட்டது ஆளுக்கே தெரியாமல் போனால் என்ன செய்வார்கள்? பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிட்டால் சொல்லலாமா, கூடாதா? யாராவது எப்போதாவது சொல்லாமல் இருந்ததுண்டா? இருந்தால் என்ன ஆயிற்று? அந்த முழங்கால்காரர் தனக்குச் சலுகை தருகிறார்கள் என்று தெரிந்து ஆடுகிறாரா? விசாரித்து எழுது. எனக்கு இங்கே வரப்புச் சண்டை வரைபடங்களைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை.

வெந்நீரில் காலை வைத்துக்கொள். இந்த வயதில் சுளுக்கினால் லேசில் போகாது.

உன் தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நலம். ரொம்ப நலம். உங்கள் நலம் அறிய ஆவல். உன் அண்ணன் இந்த ஊரில் பெரிய மனுஷனாகிவிட்டான்!

வருஷத்துக்கு ஒரு தடவை இவர்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. வந்து ஆறு வருஷம் ஆனவர்கள் பழையவர்கள், என்னையும் பல் டாக்டரையும் போல ஆகாதவர்கள் புதியவர்கள். பதினோரு வருஷமாகப் பழையவர்களே ஜெயித்திருக்கிறார்கள். நேற்று கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டுக்கு இரண்டு. இடப்பக்க ஓரத்திலிருந்து பல் டாக்டர் ஓங்கி ஒரு அடி அடித்தார். குண்டு மாதிரி வந்தது பந்து. நான் கோலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், மட்டை பின்னால் ஓங்கியிருந்தது. பார்த்தால் பந்து என் முன்னால், அடி என்று நிற்கிறது. அடித்தேன். கோல்!

அவர்களுடைய கோல் கீப்பர் ஒரு மோட்டார் மெக்கானிக், கெட்டிக்காரர், அவரைத் தாண்டி ஒரு எறும்பு போகாது என்பார்கள். அவர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றுவிட்டார். என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எழுபத்தெட்டு கிலோவைத் தூக்கிய பல் டாக்டருக்கு இன்றைக்கு மருத்துவம் தேவைப்பட்டிருக்கும்.

இன்று காலை டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "நேத்து கோல் போட்டது நீங்கதானே?" என்று எழுந்து இடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் எனக்கு இடம் கொடுத்ததில்லை.

நீ கேட்ட மற்ற கேள்விகளுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் சொல், அவர் மச்சான் கோல் போட்டான் என்று.

அன்புடன்
அண்ணன்


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல். கோல் போட்ட காலுக்கும் கைக்கும் என் வணக்கம். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "எந்தப் பக்கத்துக் கோலில்?" என்று கேட்டார். அவரை நான் கவனித்துக்கொள்கிறேன்.

மதிய உணவு நேரத்தில் ஒரு தாளில் உன் கோலை வரைந்து பார்த்தேன். தொழில் புத்தி. பல் டாக்டர் இங்கே, நீ இங்கே, மெக்கானிக் அங்கே. எல்லாம் சரியாக வருகிறது. ஒரே ஒரு இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. பந்து குண்டு மாதிரி வந்தது என்கிறாய். உன் மட்டை பின்னால் இருந்தது என்கிறாய். பிறகு பந்து உன் முன்னால் நின்றது என்கிறாய். வேகமாக வந்த பந்து எப்படி நின்றது? எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டத்தை விட்டு வருஷக்கணக்கில் ஆகிவிட்டது, ஏதாவது மறந்திருப்பேன். நீ எழுதினால் படத்தை முடித்துவிடுவேன்.

அண்ணி பேசினாள், நன்றாக இருக்கிறாள். பிள்ளைக்குப் பரீட்சை தொடங்கப் போகிறதாம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


மார்ச் 5

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

தரை ஈரமாக இருந்தது. ஈரப் புல்லில் பந்து வேகம் குறைந்துவிடும், மறந்துபோயிற்றா? பணிமனையில் கோடைகால அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம், மூச்சுவிட நேரமில்லை. சுருக்கமாக முடிக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? எழுத்து இவ்வளவு சின்னதாகிவிட்டதே, கண்ணில் கோளாறு ஏதுமில்லையே?

ஈரப் புல் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். புல் பேருக்குக்கூடக் கிடையாது, கட்டாந்தரை, ஓடினால் புழுதி என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. ஒரு மாதத்தில் புல் முளைத்திருக்கலாம். உங்கள் ஊர் மண் நல்ல மண் போலிருக்கிறது.

அதை விடு. எனக்கு இப்போது அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்துவிட்டது. அந்த மெக்கானிக் ஏன் நின்றார்? எறும்பைக்கூட விடாதவர் என்கிறாய். நான் பார்த்த கோல் கீப்பர்கள் தூக்கத்தில்கூடப் பந்தின்மேல் விழுவார்கள். மட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்றால் ஆட்டம் நின்றுவிட்டது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். ஏன் அப்படி நினைத்தார்? அவரிடம் கேட்டாயா? பிரேக் இல்லாத பஸ் மாதிரி இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாப்பிள்ளை விசாரித்ததாகச் சொன்னார். வெயில் ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

உன் தங்கை


மார்ச் 30

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். உங்கள் நலனுக்கு வேண்டுகிறேன்.

பந்து ரொட்டிக் கடைக்காரர் மட்டையில் பட்டு வேகம் குறைந்தது. அவர் பழையவர்கள் பக்கம். இப்போது நினைவுக்கு வந்தது. உன் படத்தில் அவரையும் ஒரு புள்ளியாக வைத்து முடித்துவிடு.

மெக்கானிக்கிடம் கேட்க முடியவில்லை. அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அவர் ஆட வரவேயில்லை. ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே. உன்னிடம் எதையும் சொல்வதற்குப் பயமாக இருக்கிறது, உடனே அளவுகோலை எடுத்துவிடுகிறாய். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷன் ஒரு கோல் போட்டான், சந்தோஷமாக இருந்தான். அதைச் சந்தோஷமாகவே இருக்க விடக் கூடாதா? விளையாட்டை விளையாட்டாகப் பார்.

மூன்றாவது பக்கம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது பார்.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணா,

இங்கே நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். மாப்பிள்ளை தானே அடிப்பேன் என்று கிளம்பி, சுவரைவிடத் தன்மேல் அதிகம் அடித்துக்கொண்டார். கூடத்து ஜன்னலுக்கு வெளிர்நீலம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீசில் புது அதிகாரி வந்திருக்கிறார். ஒவ்வொரு வரைபடத்தையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்கிறார். இரண்டு சகோதரர்கள் ஒன்றரை அடி நிலத்துக்கு வந்து நிற்கிறார்கள், இருவரும் என்னிடம் தனித்தனியாக வந்து மற்றவன் நல்லவன் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணி ஜூன் கடைசியில் வருகிறாளாம். வீடு பார்த்தாயா? தண்ணீர் வசதி பார்த்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தங்கை


மே 20

அன்புள்ள அண்ணா,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? ஒரு வரி போதும். நலம் என்று மட்டும் எழுது, நம்புகிறேன்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உடம்பு நலம். மனசு நலமில்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கவேண்டும்.

உன் ஏப்ரல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஜன்னலுக்கு வெளிர்நீலம்! நீ கேள்வி கேட்டபோது கோபம் வந்தது. கேட்காமல் விட்டாய் பார், அதைத் தாங்க முடியவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எதை எழுதுவது?

பந்து என் காலில்தான் பட்டது. இடது ஷூவின் உள்பக்கம். பட்டு, நின்றது. நான் அடித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஓங்கிய மட்டை இறங்கிவிட்டது, அதற்குள் பந்து வலைக்குள். "கால்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் பல் டாக்டர் கட்டிப் பிடித்துவிட்டார், தூக்கிவிட்டார்கள். மேலேயிருந்து பார்த்தேன், மெக்கானிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் இல்லையா?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேறெங்கோ பார்த்தேன். "சரி, எனக்குத்தான் அப்படிக் கேட்டுது போல" என்று கையுறையைக் கழற்றினார். ரொட்டிக் கடைக்காரர் அந்தப் பக்கத்திலேயே இல்லை. உனக்காக அவரை இழுத்து வந்து நிறுத்தினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் கேவலமான ஒரு கோல் என்று விட்டிருப்பேன். போன சனிக்கிழமை என் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியது. வழியில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பட்டறை. அவருடையது.

இந்த மெக்கானிக்கைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் வண்டியைப் பிரித்துப் பார்க்கமாட்டார். ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ரெண்டாவது வால்வு," என்பார், அவ்வளவுதான். ஊரில் பஸ் டிரைவர்கள்கூட வருவார்கள். அன்றைக்கு அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மச்சான் என் ஸ்கூட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டுப் பாக்கலையாண்ணே?" என்றேன்.

"நான் இப்போ கேக்கறதில்ல, டைம்டேபிள். காது போச்சு."

"யார் சொன்னா?"

"நீங்கதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அன்னிக்கு எனக்குத் தொப்புனு தெளிவா கேட்டுது. மட்டையில பட்டா டக்குங்கும், ஷூவுல பட்டா தொப்புங்கும். நான் நின்னுட்டேன். ஆனா நீங்க கால்னு சொல்லல. நம்ம கூட்டத்துல பட்டா சொல்லாம இருக்கற ஆளே கிடையாது. அப்போ என்ன அர்த்தம்? இல்லாத சத்தம் எனக்குக் கேட்டிருக்கு. இல்லாத சத்தத்தைக் கேக்கற காதை வெச்சுக்கிட்டு, ஒருத்தர் பிரேக்கைப் பாத்து சரியா இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? அவங்க பிள்ளைகுட்டியோட போறவங்க."

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். "கேளுங்க இந்தக் கூத்தை. என்னைச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நிக்கவெச்சு ஸ்பானர், கரண்டி, செருப்பு எல்லாத்தையும் போடச் சொல்றார். எல்லாத்தையும் சரியாத்தான் சொல்றார். அப்பவும் நம்பமாட்டேங்கறார்" என்றார்.

"அது வீடு. வீட்டுச் சத்தம் பழகின சத்தம்" என்றார் மெக்கானிக். இந்த மாதக் கடைசியில் பட்டறையை மச்சானிடம் ஒப்படைக்கப் போகிறாராம்.

தங்கையே, அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. ஒரு நொடிகூட இல்லை. என்னைச் சந்தேகப்படுவதைவிடத் தன் காதைச் சந்தேகப்படுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. வந்து மூன்று மாதம் ஆன என்னை! நான் டீயைக் குடித்தேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே இடமும் போய்விடும். உன் அண்ணி வரும்போது, யாரும் முகம் கொடுக்காத ஊருக்கா கூட்டி வந்தாய் என்பாள். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். என்ன செய்வது என்று உன்னிடம் கேட்கவே எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது கேட்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. பிறகு நானே சொல்கிறேன்.

அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று எழுதியது எனக்கு நிம்மதியாக இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பிப்ரவரியிலேயே படம் முடிந்துவிட்டது. பந்து நிற்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. உன் வாயால் வரட்டும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன், அது என் குசும்பு. பிறகு அந்த மனிதர் ஆட வரவில்லை என்று நீ எழுதியதும் பயந்துவிட்டேன். அதனால்தான் வெள்ளை அடித்ததைப் பற்றி எழுதினேன். வெளிர்நீலம் பொய் இல்லை, ஜன்னல் நன்றாகவே இருக்கிறது.

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ அவரிடம் போயிருப்பாய் என்று நினைக்கிறேன். போகாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அண்ணா, தாளைக் கீழே வை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு. மீதியை வந்து படிக்கலாம், மீதி என்று ஒன்றும் எழுதவில்லை.

ஒன்று மட்டும். அவர் என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

உன் தங்கை


ஜூலை 7

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

நான் நலம். இந்தத் தடவை முழுசாக நலம். உங்கள் எல்லாருக்கும் அப்படியே அமையட்டும். உன் அண்ணியும் பிள்ளையும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இப்போது வீட்டில் நாலு நாற்காலி.

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே போய்விட்டேன். பட்டறை வாசலில் நின்று, "அண்ணே, கால்" என்றேன். பிப்ரவரியில் சொல்லவேண்டியதை ஜூனில் சொன்னேன். அவர் புரியாமல் என் காலைப் பார்த்தார், ஆணி குத்திவிட்டது என்று நினைத்தாராம். "அன்னிக்கு, பந்தயத்தன்னிக்கு. தொப்புனு கேட்டுதே, அது நிஜம். இடது ஷூ" என்றேன்.

முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் "ஏய்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "என் காது நல்லாத்தான் இருக்குடி! நான் கேட்டது கேட்டதுதான்!" வாசலில் நின்ற ஒரு வண்டியை உதைத்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். ஐந்து நிமிஷம் நான் அங்கே இருப்பதே அவருக்கு நினைவில்லை. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. "நாலு மாசம், டைம்டேபிள்" என்றார். அதற்குப் பதிலாக நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரிடமும் நானே சொன்னேன். பதினெட்டு பேர் தரையைப் பார்த்தார்கள். "இதுக்கு என்ன பண்ணணும்?" என்று பல் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இதுக்குன்னு நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே. இதுவரைக்கும் தேவைப்படல" என்றார் ரொட்டிக் கடைக்காரர். அதனால் தண்டனை எதுவும் இல்லை. ஆட்டம் ஆரம்பித்தது.

தண்டனை வேறு மாதிரி வந்தது. எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். "சார், பந்து", "தள்ளுங்க சார்", "பரவாயில்ல சார்". பக்கத்தில் ஆள் இல்லாத பந்தை நான் கோட்டை விட்டாலும் ஒருவரும் கத்தவில்லை. பெண் வீட்டுக்கு வந்த சம்பந்தியைக்கூட இப்படி நடத்தமாட்டார்கள். மூன்று ஞாயிறு அப்படி. இனிமேல் போகவேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தேன். உன் அண்ணியிடம் முழங்கால் வலி என்று சொல்வதாக இருந்தேன், பிறகு அதுவும் ஒரு பொய்யாயிற்றே என்று போனேன்.

நேற்று. மெக்கானிக் எதிர்ப்பக்கக் கோலில். கோலுக்கு முன்னால் ஒரே கும்பல். என்னை நோக்கிப் பந்து வந்தது, நாலைந்து கால், மட்டை, புழுதி, ஏதோ ஒரு சத்தம். பந்து என் ஷூவுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது. படவில்லை. தங்கையே, சத்தியமாகப் படவில்லை. ஆனால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பது இவர்கள் வழக்கமில்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

"படல" என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரி கேட்டது.

ஒருவரும் நகரவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் காதுக்குத் தெரிந்திருக்கும் இல்லையா? நானும் அவரைத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை, நான் கேட்டேன், படவில்லை என்று அவர் சொன்னால் போதும், நான் தப்பிப்பேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. எரிச்சலோடு கேட்டார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? கால் அவரோடது. அவர்தான் சொல்லிட்டாரில்ல? ஆடுங்கப்பா."

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. பந்து அங்கேயே கிடந்தது, கோல் ஐந்தடியில் இருந்தது, நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். யாரோ வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னாலிருந்து பல் டாக்டர் மைதானமே அதிரக் கத்தினார்: "யோவ்! தூங்கறியா? அறிவிருக்கா உனக்கு?"

இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

அண்ணன்